பீரங்கி வார்த்த போர்க்கைதி டிலனாய்

வெள்ளறடையில் பஸ் ஏறி, பனச்சமூடு வழியாக மார்த்தாண்டம் போய், அங்கிருந்து நாகர்கோவில் பஸ்சைப் பிடிக்கிறவர்கள் நம்மில் பலர். சனிக்கிழமை சாயங்காலம் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போவார்கள். திங்கட்கிழமை அதிகாலையில் தூக்குவாளியும் கையுமாக அதே வழியில் திரும்புவார்கள். தக்கலை தாண்டியதும் புலியூர்க்குறிச்சியில் ஒரு பெரிய கருங்கல் மதில் ரோட்டோரமாகவே வரும். அதற்குள் ஒரு குன்று தெரியும். அரைத் தூக்கத்தில் அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வோம்.

அந்த மதில்தான் உதயகிரிக் கோட்டை. 200 ஆண்டுகளுக்கு முன்பே அதற்குள் பீரங்கி வார்க்கும் உலை எரிந்தது. அந்த உலைக்குப் பொறுப்பாக இருந்தவர் இந்த நாட்டுக்காரர் அல்ல. கடல் கடந்து படையெடுத்து வந்து, தோற்று, பிடிபட்டு, அதே கோட்டையில் அடைக்கப்பட்ட ஓர் ஐரோப்பியர். எந்த ராஜாவை எதிர்த்து வந்தாரோ அதே ராஜாவின் படைக்குத் தளபதியாகி, 36 ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்து, இங்கேயே மண்ணுக்குள் போனார். அவர் பெயர் யுஸ்டாக்கியஸ் பெனடிக்டஸ் டிலனாய். திருவிதாங்கூர் மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள்.

அன்று களியக்காவிளையில் எல்லையும் இல்லை, சோதனைச் சாவடியும் இல்லை. கன்னியாகுமரி முதல் வடக்கே ஒரே ராஜ்யம். கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ந் தேதிதான். ஆகவே டிலனாயின் கதை எல்லையின் இந்தப் பக்கத்துக்கும் சொந்தம், அந்தப் பக்கத்துக்கும் சொந்தம்.

மிளகுக்காக வந்த சண்டை

டிலனாய் 1715-ம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். பிறந்த ஊர் அராஸ் என்பார்கள். அது இன்று பிரான்சின் வடக்குக் கோடியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் பிழைப்புத் தேடிய ஐரோப்பிய வாலிபர்களுக்கு ஒரு பெரிய வாசல் திறந்திருந்தது. அதுதான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. ஒல்லாந்துக்காரன், ஜெர்மன்காரன், பிளெமிஷ்காரன் என்ற பேதம் அங்கே இல்லை. கையெழுத்துப் போட்டுக் கப்பல் ஏறினால் சம்பளம் உண்டு. உயிரோடு திரும்புவதற்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. டிலனாயும் அப்படிக் கிழக்கே வந்தார். அப்போது அவருக்கு வயது 25 இருக்கலாம்.

இந்தப் பக்கத்தில் அப்போது ராஜாவாக இருந்தவர் மார்த்தாண்ட வர்மா. 1729-ல் பட்டத்துக்கு வந்தவர். நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோவிலுக்குப் போனவர்கள் அங்கே அம்மச்சிப் பிலாவு என்ற பழைய பலாமரத்தைப் பார்த்திருப்பார்கள். எட்டு வீட்டுப் பிள்ளைமார் கொல்லத் துரத்தியபோது இளவரசராக இருந்த மார்த்தாண்ட வர்மா அதன் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஐதீகம். அப்படி ஒளிந்து பிழைத்தவர்தான் பின்னால் பிள்ளைமார்களை ஒடுக்கி, அக்கம்பக்கத்துச் சிறு ராஜ்யங்களையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தொடங்கினார்.

அதுதான் டச்சுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. சின்னச் சின்ன ராஜாக்கள் பலர் இருந்தால் மிளகை அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கலாம். ஒரே பெரிய ராஜாவானால் அவர் சொல்வதுதான் விலை. இலங்கையில் டச்சு கவர்னராக இருந்த வான் இம்மாப் 1739-ல் நேரில் வந்து பார்த்தார். பேச்சு முறிந்தது. படையெடுப்பேன் என்று அவர் மிரட்ட, அப்படியானால் நானும் எங்கள் மீனவர்களின் வள்ளங்களைக் கூட்டிக்கொண்டு ஐரோப்பாவின் மேல் படையெடுக்க யோசிக்க வேண்டியதுதான் என்று மார்த்தாண்ட வர்மா பதில் சொன்னாராம். ராஜாவுக்கு நாக்கில் காரம் உண்டு.

பனந்தடிப் பீரங்கி

டச்சுக் கப்பல்கள் குளச்சலுக்கு வந்தன. கரையில் இறங்கியவர்கள் குளச்சலில் ஒரு மரவேலிக் கோட்டை போட்டுக்கொண்டு, கடற்கரை ஊர்களைக் கொள்ளையிட்டார்கள். கல்குளத்தைப் பிடிப்பது அவர்கள் திட்டம். வடக்கே போரில் இருந்த மார்த்தாண்ட வர்மா ஓடோடி வந்தார். வரும் வழியில் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் வாளை வைத்து வணங்கிவிட்டுப் போனார் என்று சொல்வார்கள்.

1741 ஆகஸ்டு 10-ந் தேதி குளச்சலில் டச்சுப் படை தோற்றது. மழைக்காலமானதால் கடல் கொந்தளித்தது. கரையில் இருந்தவர்களுக்குக் கப்பல்களிலிருந்து கைகொடுக்க முடியவில்லை. குளச்சல் பக்கத்து மீனவர்கள் இன்றைக்கும் சொல்லும் ஒரு கதை உண்டு. ராஜாவிடம் அப்போது போதுமான பீரங்கி இல்லை. மீனவர்கள் பனைமரத் தடிகளை வெட்டி, மாட்டு வண்டிகளில் ஏற்றி, வரிசையாகக் கடற்கரையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தூரத்திலிருந்து பார்த்த டச்சுக்காரர்கள் அத்தனையும் பீரங்கி என்று நினைத்துக் கலங்கிப்போனார்கள் என்பது கதை.

இது வாய்மொழிக் கதைதான். ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. சண்டையில் வென்ற ராஜாவுக்கே தன்னிடம் என்ன இல்லை என்பது தெரிந்திருந்தது. அன்றைய திருவிதாங்கூர்ப் படை என்றால் வாளும் கேடயமும் ஏந்திய நாயர் வீரர்கள், நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள், திருநெல்வேலிச் சீமையிலிருந்து கூலிக்கு வந்த மறவர் படை, அவ்வளவுதான். வீரத்துக்குக் குறைவில்லை. ஒரே சொல்லுக்கு நூறு பேர் ஒன்றாகத் திரும்பும் கட்டுப்பாடும், களத்துக்கு இழுத்துப்போகும் பீரங்கியும்தான் இல்லை. பனந்தடியைக் காட்டி ஒரு தடவை ஏமாற்றலாம். இரண்டாம் தடவை முடியாது.

பிடிபட்ட ஐரோப்பியர்களில் டிலனாயும் ஒருவர். அவரை டச்சுப் படையின் தளபதி என்று எழுதியவர்கள் உண்டு. சாதாரணச் சிப்பாய் பதவியில் இருந்தவர் என்று எழுதியவர்களும் உண்டு. எந்தப் பதவியானாலும் கைதி கைதிதான். துப்பாக்கிகளும் சில பீரங்கிகளும் ராஜாவின் வசமாயின. ஆட்கள் புலியூர்க்குறிச்சிக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள்.

கைதி வாத்தியார் ஆகிறார்

மார்த்தாண்ட வர்மா கைதிகளைக் கொல்லவில்லை. பணயம் வாங்கிக்கொண்டு விடவும் இல்லை. அவர்கள் தலைக்குள் இருந்த வித்தையின் மதிப்பு அவருக்குத் தெரிந்தது. தம்மிடம் வேலைக்குச் சேரச் சொன்னார். டிலனாய் சேர்ந்தார். அவருடன் டொனாடி என்று இந்த ஊர்க்காரர்கள் கூப்பிட்ட இன்னொரு டச்சுக்காரரும் சேர்ந்தார்.

முதலில் கொடுத்த வேலை சிறியது. அரண்மனைக் காவலர்களில் சில கம்பெனிகளுக்குப் பயிற்சி. வரிசையில் நிற்பது, சேர்ந்து அடிவைப்பது, ஒரே நேரத்தில் மருந்து கெட்டித்து ஒரே நேரத்தில் சுடுவது. பிறகு பெரிய பொறுப்புகள் வந்தன. கடைசியில் மொத்தப் படையின் தலைமையும் அவரிடம் வந்தது.

உதயகிரிக் கோட்டையையே அவர் மேற்பார்வையில் பலப்படுத்தினார்கள். பழைய மதில் போய்க் கருங்கல் மதில் எழுந்தது. சுமார் 90 ஏக்கர் பரப்பு. நடுவிலுள்ள குன்று சுமார் 260 அடி உயரம். மேலே நின்றால் நாலு திசையும் கண்ணுக்குள். கைதியாக நுழைந்த கோட்டையை அவரே கட்டிமுடித்தார். அதுவே அவர் வீடாகவும் ஆயிற்று. மாற்று மதத்தவராக இருந்ததால், கோவில்களைத் தன்னுள் கொண்டிருந்த பத்மநாபபுரம் அரண்மனைக்குள் அவர் போகக்கூடாது. கூப்பிடு தூரத்தில் அரண்மனை. படை முழுவதும் அவர் சொல்லுக்குக் கட்டுப்படும். ஆனால் அந்த வாசற்படியை அவர் தாண்ட முடியாது. கோட்டைக்குள்ளேயே ஒரு சிறிய மாதா கோவில் கட்டிக்கொண்டார்.

உலை எரிந்த கதை

உதயகிரியில் துப்பாக்கி, சிறு பீரங்கி, மேல்நோக்கிக் குண்டு எறியும் குட்டைப் பீரங்கி, இரும்புக் குண்டு எல்லாம் தயாராயின. பீரங்கி வார்ப்பது எப்படிப்பட்ட வேலை என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தச்சு வேலை, கருமான் வேலை, வெண்கல வார்ப்பு ஆகியவற்றில் பழகிய வாசகர்களுக்கு இது எளிதில் புரியும்.

குத்துவிளக்கும் கோவில் மணியும் வார்க்கிற அதே வித்தைதான் அடிப்படை. அளவுதான் வேறு. ஒரு மரத்தண்டின் மேல் கயிறு சுற்றி, அதன்மேல் பிசைந்த மண்ணைப் பூசி, பீரங்கியின் வடிவம் செய்ய வேண்டும். அதன்மேல் இன்னொரு கனமான மண் ஓடு. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் வெளி ஓடு அச்சாக நிற்கும். துளை வேண்டிய இடத்தில் இரும்புக் கம்பியில் மண் சுற்றிய ஒரு நடுத்தண்டை நிறுத்தி, மொத்தத்தையும் குழியில் செங்குத்தாக இறக்கிப் புதைப்பார்கள். உலையில் பத்துக்கு ஒன்பது பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் உருகும். உருகியது ஓடையாக வந்து அச்சுக்குள் இறங்கும்.

அச்சில் ஈரம் கொஞ்சம் இருந்தாலும் போயிற்று. ஈரம் ஆவியாகி வெடித்து, உருகிய உலோகத்தை நாலாபுறமும் வீசியடிக்கும். லண்டனில் மூர்பீல்ட்ஸ் என்ற இடத்தில் 1716-ல் அப்படித்தான் நடந்தது. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த பீரங்கிகளை உருக்கி மறுபடி வார்க்கும்போது வெடித்து, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உட்படப் பலர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆங்கிலேய அரசு வுல்விச்சில் தன் சொந்த வெண்கல வார்ப்படச் சாலையைத் தொடங்கியது. ஆறு மாதம் மழை பெய்யும் நம் ஊரில் மண் அச்சைக் காயவைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதை வீடு கட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொரு தொல்லை, அந்த நடுத்தண்டு. உலோகம் பாயும்போது அது இம்மியளவு நகர்ந்தாலும் துளை கோணலாகும். துளை கோணினால் குண்டு கோணும். இதற்கு ஐரோப்பாவில் ஒரு வழி கண்டார்கள். குழாயைத் துளையே இல்லாமல் கெட்டியாக வார்த்துவிட வேண்டியது. பிறகு அதைப் படுக்கவைத்துச் சுழலவிட்டு, அசையாத துளைக்கருவியால் குடைந்தெடுக்க வேண்டியது. இந்த வித்தை தெரிந்த யான் வெர்புருக்கன் என்பவர் ஹேக் நகரில் ஒல்லாந்து அரசுக்குப் பீரங்கி வார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலேயர்கள் 1770-ல் அவரையும் அவர் மகனையும் நல்ல சம்பளத்துக்கு வுல்விச்சுக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே குதிரைகளைப் பூட்டித் துளைபோடும் யந்திரத்தைச் சுழற்றினார்கள். ஐந்தாண்டுக்குள் அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்தது. வுல்விச் உலைக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று.

கவனியுங்கள். ஒரே காலத்தில் லண்டன் பக்கத்திலும் தக்கலை பக்கத்திலும் டச்சு நாட்டிலிருந்து வந்த ஆட்கள் பீரங்கி வார்த்திருக்கிறார்கள். அவர் விலைக்குப் போனவர், இவர் வலையில் விழுந்தவர். வித்தியாசம் அவ்வளவுதான்.

பீரங்கிக்குச் செம்பு வேண்டும். செம்பு இந்த மண்ணில் விளைவதில்லை. கப்பலில்தான் வர வேண்டும். டச்சுக்காரர்களே ஜப்பானிலிருந்து செம்பு கொண்டுவந்து கொச்சியில் விற்றவர்கள். வெடிமருந்துக்கு வெடியுப்பு, கந்தகம், கரி. இதற்கெல்லாம் பணம்? மார்த்தாண்ட வர்மா மிளகு வியாபாரத்தை அரசாங்க ஏகபோகமாக்கினார். எந்த மிளகுக்காகச் சண்டை வந்ததோ அந்த மிளகே படைச்செலவுக்கு வழி செய்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1753-ல் மாவேலிக்கரையில் டச்சுக்காரர்கள் சமாதான உடன்படிக்கை செய்தார்கள். மிளகு கிடைப்பதற்குப் பிரதியாக ஆண்டுக்கு 12 ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள ஆயுதங்களை ராஜாவுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

நகராத பீரங்கியும் நகரும் பீரங்கியும்

உதயகிரியில் வார்த்தவற்றில் ஒன்று ராட்சதப் பீரங்கி. பித்தளைக் குழாய். 16 அடி நீளம், வாய் 22 அங்குலம். பல ஆண்டுகள் கோட்டைக்குள்ளேயே கிடந்தது. அதை வெளியே கொண்டுபோக நூற்றுக்கணக்கான ஆட்களும் 16 யானைகளும் சேர்ந்து இழுத்தும் சில கெஜம்கூட நகர்த்த முடியவில்லை என்று பழைய ஆங்கிலக் குறிப்பு சொல்கிறது.

அதைப் பார்த்தவர்கள் பிரமித்திருப்பார்கள். ஆனால் யுத்தத்தில் அப்படிப்பட்ட பீரங்கிக்கு வேலை இல்லை. எதிரி அதன் முன்னால் வந்து நின்றால்தான் உண்டு. சண்டை நடக்கும் வயலுக்கும் மேட்டுக்கும் படையோடு கூடவே போகிற பீரங்கிதான் களத்தில் உதவும். குழாய் கனமானால் நகராது. இளைத்தால் மருந்தின் வேகம் தாங்காமல் வெடித்து, சுடுகிறவனையே கொன்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலேயப் படையில் 6 பவுண்டு குண்டு எறியும் லேசான பீரங்கிக் குழாய் கால் டன்னுக்குக் கொஞ்சம் முன்பின் இருந்தது. மாடோ குதிரையோ இழுக்கும். பள்ளம் வந்தால் ஆட்களே தள்ளுவார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயப் படையும் இந்தியப் படையும் பயன்படுத்திய 25 பவுண்டு பீரங்கியைச் செய்தவர்களுக்கும் இதே தலைவலிதான். குழாய் எவ்வளவு நீளம், எவ்வளவு கனம், எதை வைத்து இழுப்பது என்பதுதான் அவர்களையும் வாட்டியது.

பீரங்கியைச் சுடுவதும் தனியாள் காரியமல்ல. ஒருவன் ஈரத் துடைப்பத்தால் குழாயின் உள்ளே துடைக்க வேண்டும். முந்தின வேட்டின் கனல் ஒரு பொட்டு மிச்சம் இருந்தாலும் அடுத்த மருந்துப்பை கையிலேயே வெடிக்கும். ஒருவன் மருந்துப்பையைப் போட, ஒருவன் குண்டை வைக்க, ஒருவன் தண்டால் இடிக்க, பின்னால் ஒருவன் மருந்துத்துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு குறி. பிறகு திரி. சுட்டதும் பீரங்கி பின்னால் பாயும். அதைத் தள்ளிக் கொண்டுவந்து பழைய இடத்தில் நிறுத்த வேண்டும். எதிரியின் குண்டுக்கு நடுவே, ஒருவன் விழுந்தால் அவன் வேலையையும் அடுத்தவன் பார்த்துக்கொண்டு, இதைச் செய்ய வேண்டும். டச்சுப் பீரங்கிகளைப் பறிமுதல் செய்த அன்றே ராஜாவுக்குக் குழாய்கள் கிடைத்துவிட்டன. இந்தப் பழக்கம் கிடைக்கத்தான் டிலனாய் தேவைப்பட்டார்.

பழக்கம் பலன் தந்தது. 1746-ல் காயங்குளம் வீழ்ந்தது. அதே ஆண்டு அம்பலப்புழை. அம்பலப்புழைச் சண்டையைப் பற்றித் திருவிதாங்கூர்ச் சரித்திரக்காரர்கள் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார்கள். அந்த நாட்டு அரசர் பிராமணர். கிருஷ்ண பக்தர். அவருக்கு எதிராக ஆயுதம் எடுக்கத் திருவிதாங்கூர் வீரர்கள் தயங்கினார்களாம். டிலனாய் தம்முடைய பீரங்கிக்காரர்களில் அந்தத் தயக்கம் இல்லாத கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் முன்னால் கொண்டுவந்து சுடவைத்தார் என்கிறார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தெக்கும்கூரும் வடக்கும்கூரும் திருவிதாங்கூரோடு சேர்ந்தன. தோடும் காயலும் சதுப்புமான அந்தப் பூமியில் பீரங்கி வண்டியைக் கொண்டுபோவது சுடுவதைவிடக் கஷ்டமான வேலை.

நட்டாலத்து நண்பர்

கோட்டை வேலையில் டிலனாயோடு பழகியவர்களில் ஒருவர் நீலகண்ட பிள்ளை. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நட்டாலம் அவருக்குச் சொந்த ஊர். 1712-ல் பிறந்தவர். அரசாங்க உத்தியோகஸ்தர். ஒரு சமயம் மாடுகள் செத்து, சொத்தில் நஷ்டம் வந்து, மனம் உடைந்திருந்தபோது டிலனாய் அவருக்குப் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். யோபுவும் எல்லாவற்றையும் இழந்தவர். கேட்டவர் மனம் மாறியது. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

1749-ல் தேவசகாயம் பிள்ளை கைது செய்யப்பட்டார். ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார். 1752 ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ந் தேதி வாடிகனில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

அந்த மூன்று ஆண்டுகளும் டிலனாய் எங்கே இருந்தார்? இதே நாட்டில், இதே ராஜாவின் தளபதியாக இருந்தார். கோட்டைகளைத் தகர்க்கும் பீரங்கிகள் அவர் கையில். ஒரு நண்பரை விடுவிக்கும் அதிகாரம் இல்லை. அவர் வேலையை விடவில்லை, விட்டுப் போகவும் வழியில்லை. அவரைக் குறை சொல்வது இன்று நமக்குச் சுலபம். உயிர்ப்பிச்சை பெற்ற கைதியாக அவர் தொடங்கினார் என்பதை மறந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். ஆனாலும் உதயகிரி மாதா கோவிலில் அவர் மண்டியிட்ட ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பெயர் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது.

களக்காட்டில் மகன்

1758-ல் மார்த்தாண்ட வர்மா காலமானார். மருமகன் கார்த்திகைத் திருநாள் ராம வர்மா பட்டத்துக்கு வந்தார். தர்மராஜா என்று சொல்வது இவரைத்தான். ராஜா மாறினாலும் தளபதி மாறவில்லை. சாமூதிரி கொச்சி ராஜ்யத்துக்குள் நுழைந்துவிட்டபோது கொச்சி ராஜா திருவிதாங்கூரின் உதவியைக் கேட்டார். டிலனாயின் படை போய்ச் சாமூதிரியின் ஆட்களை 1762-ல் விரட்டியது.

இதை அடுத்துத்தான் வடக்கே நெடுங்கோட்டை எழுந்தது. கடலோரத்திலிருந்து ஆனைமலை அடிவாரம் வரை சுமார் 30 மைல் நீளம். பெரும்பகுதி மண்சுவர். அதற்கு முன்னால் ஆழமான அகழி, முள் மூங்கில் வேலி. இடையிடையே பீரங்கி மேடைகள். தெற்கே கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலைத் தொட்டு நிற்கும் வட்டக்கோட்டையையும் டிலனாய் பலப்படுத்தினார். சுற்றுலா போகிறவர்கள் இன்றும் அதன்மேல் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ராஜ்யத்தின் வடக்கு வாசலும் தெற்கு வாசலும் ஒரே மனிதரின் யோசனையில் பூட்டப்பட்டன.

கிழக்கே திருநெல்வேலிச் சீமையில் களக்காடு யாருக்கு என்ற தகராறு ஓயாமல் நடந்தது. திருவிதாங்கூர் தனக்கு என்றது. ஆர்க்காட்டு நவாபு தனக்கு என்றார். அந்தக் களக்காட்டுச் சண்டையில் 1765-ல் டிலனாயின் மகன் யோகன்னான் உயிர் விட்டான். வயது இருபதை ஒட்டி. இந்த மண்ணில் பிறந்தவன். தகப்பனாரின் பிறந்த நாட்டைக் கண்ணால் பார்த்திராதவன். தகப்பனார் பழக்கிய படையில் போனவன்.

மகனின் உடலை உதயகிரிக்குக் கொண்டுவந்து மாதா கோவிலில் அடக்கம் செய்தார்கள். டிலனாய்க்கு அப்போது வயது 50. அதற்குப் பிறகும் 12 ஆண்டுகள் படை நடத்தினார்.

1777 ஜூன் 1

1777 ஜூன் 1-ந் தேதி டிலனாய் உதயகிரியிலேயே காலமானார். ராணுவ மரியாதையோடு மாதா கோவிலுக்குள் புதைத்தார்கள். கல்லறைக் கல்லில் அவருடைய முத்திரைச் சின்னமும், லத்தீனிலும் தமிழிலும் எழுத்தும் வெட்டப்பட்டிருக்கின்றன. வழிப்போக்கனை நிறுத்தி, திருவிதாங்கூர்ப் படையின் தலைவர் இங்கே கிடக்கிறார் என்று அது அறிவிக்கிறது. காயங்குளம் முதல் கொச்சி வரை ராஜாவுக்கு அடங்கச் செய்தவர் என்றும், ஏறக்குறைய 37 ஆண்டு விசுவாசமாகச் சேவித்தவர் என்றும், 62 வருஷம் 5 மாதம் வாழ்ந்தவர் என்றும் சொல்கிறது. அராஸ் என்ற ஊரில் பிறந்தவரின் கல்லறையில் தமிழ் எழுத்து இருப்பதைப் பார்க்கும்போது ஒரு கணம் நின்றுவிடுகிறோம்.

அவர் போட்ட நெடுங்கோட்டையின் மேல் திப்பு சுல்தான் மோதியது, அவர் இறந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகு. 1789 டிசம்பர் 29-ந் தேதி திப்புவின் படை அங்கே பலத்த அடி வாங்கிப் பின்வாங்கியது. அடுத்த ஆண்டு பெரிய பீரங்கிகளைக் கொண்டுவந்து சுவரை உடைத்தார் திப்பு. அதற்குள் ஆங்கிலேயரும் யுத்தத்தில் இறங்கிவிட்டார்கள்.

உதயகிரியின் முறை 1809-ல் வந்தது. வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, கும்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்துக்கொண்டு நாஞ்சில் நாட்டுக்குள் வந்தது. கூடவே இழுத்துவந்த களப் பீரங்கிகளோடு வந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் அதிகச் சண்டையில்லாமலே கைமாறின. யானைக்கும் அசையாத அந்த ராட்சதக் குழாயால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இப்போது கோட்டைக்குள் மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. வனத்துறையின் பூங்காவாக இருக்கிறது. மான்கள் உண்டு, பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வருவதுண்டு. மாதா கோவிலுக்குக் கூரை இல்லை. சுவர்கள் மட்டும் நிற்கின்றன. தகப்பனார், தாயார் மார்கரீத்தா, மகன் யோகன்னான் மூவரும் அதற்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். புலியூர்க்குறிச்சி நிறுத்தத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் கிளம்ப முடிந்தவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட்டு அடுத்த பஸ்சில் ஊர் போய்ச் சேரலாம்.